பத்து இருபதுக்கு மணியடிக்கும் அலமாரி

கிள்ளானில் அந்த இடைநிலைப்பள்ளியில் படித்த யாரிடமாவது ‘கெர்ட்ரூட் டீச்சர்’ என்று சொல்லிப் பாருங்கள். முப்பது வயதுத் தடியனாக இருந்தாலும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். போன் வெளியே தெரிகிறதோ என்ற பயம்தான். அந்தப் பயத்தை ஒரு தலைமுறைக்கே ஊட்டி வளர்த்த புண்ணியவதி அவர்.

ஐந்தடிக்கும் குறைவான உருவம். காட்டன் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை, காலில் சத்தமே வராத ரப்பர் செருப்பு. சத்தம் வராத செருப்பாகத் தேடித் தேடி வாங்குகிறார் என்று மாணவர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். இருபத்திரண்டு வருடமாகப் பள்ளியின் கட்டொழுங்கு ஆசிரியை. வகுப்பறை ஜன்னல் ஓரமாக ஒரு நடை நடந்தால் போதும், எந்தப் பிள்ளையின் மடியில் போன் இருக்கிறது என்பதைத் தோள்பட்டையை வைத்தே சொல்லிவிடுவார். “கணக்குப் பாடத்துல மடியப் பாத்து சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டுவார். பிடிபட்ட போன் பழுப்பு உறைக்குள் போகும். பெயர், வகுப்பு, தேதி எழுதி, தன் அறையில் இருக்கும் சாம்பல் நிற இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டுவார். அம்மாவோ அப்பாவோ நேரில் வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால்தான் அலமாரி திறக்கும். மாமா, அண்ணன், பக்கத்து வீட்டு அங்கிள் எல்லாரும் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

அப்பேர்ப்பட்டவர் இந்த ஆண்டு ஜூலை மாதம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பேச எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனார்.

அன்று சனிக்கிழமை. பள்ளிக்குள் கைப்பேசியே கூடாதா, அல்லது கொண்டுவந்து வகுப்பில் மட்டும் அணைத்து வைக்கலாமா என்பதுதான் பேச்சு. மண்டபம் இரண்டாகப் பிரிந்து நின்றது. லோரி கம்பெனி வைத்திருக்கும் பழனியப்பன் முதலில் எழுந்தார்.

“எம்மக பஸ்ஸுல வரா. பஸ் லேட்டானா நான் எப்பிடித் தெரிஞ்சிக்கிறது? இந்தக் காலத்துல போன் இல்லாம பிள்ளைய வெளிய அனுப்ப முடியுமாலா?”

பின்வரிசையில் ஒரு தாய் எழுந்து, தன் மகளைக் கழிப்பறையில் யாரோ படம் பிடித்து மூன்று வகுப்புகளுக்கு அனுப்பியதைச் சொன்னார். பிள்ளை இரண்டு மாதம் பள்ளிக்கே வரவில்லை என்றார். இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். முதல்வர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “கெர்ட்ரூட் டீச்சர் சொல்லட்டும், அவங்களவிட இதுல அனுபவம் யாருக்கு?” என்று கைகாட்டினார்.

டீச்சர் எழுந்தார். வாயைத் திறந்தார். அப்போது அவருடைய கைப்பையே மணியடித்தது.

பழைய பட்டன் போன்களுக்கே உரிய மெல்லிய கூவல். பிறகு மண்டபம் முழுக்கச் சிரிப்பு. பழனியப்பன் கைதட்டினார். முதல்வரே குனிந்துகொண்டு சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வது, ஊர் போனையெல்லாம் பிடுங்கிப் பூட்டுகிறவரின் பையே கூட்டத்தில் கூவினால்? ஆனால் டீச்சரின் முகத்தில் ரத்தமே இல்லை. பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே நடந்து வெளியே போய்விட்டார். சுவரில் மணி பத்து இருபது.

அந்த போன் அவருடையதில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் லோஷினி என்ற பெண்ணிடமிருந்து பிடுங்கிய போன் அது.

கெர்ட்ரூட் டீச்சர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர். அவருடைய அப்பா சிக்னல் கேபினில் வேலை பார்த்தார். கேபின் சுவரில் ஒரு கறுப்புத் தொலைபேசி இருக்கும். எந்த வண்டி எங்கே வருகிறது என்ற செய்தி அதில்தான் வரும். அப்பா சாப்பாட்டுத் தட்டை அதற்கு நேர் கீழே வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார். “மணி அடிச்சா மொதல்ல எடு. யாரு, என்னான்னு அப்புறம் கேளு,” என்று பிள்ளைகளிடமும் சொல்லிச் சொல்லி வளர்த்தார். சட்டம் ஏன் என்று புரியாதவனும் சட்டத்தைக் காப்பாற்றினால் வண்டிகள் மோதாது என்பது அவர் கட்சி. அந்த வீட்டில் வளர்ந்த பெண் பள்ளிக்கூடத்தில் கட்டொழுங்கு பார்க்க வந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

லோஷினி அப்போது நான்காம் படிவம், பதினாறு வயது. வாய் திறக்காத பெண். சராசரி மதிப்பெண், சுத்தமான சீருடை, எந்தப் பட்டியலிலும் பெயர் வராது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்காலுக்கு வரலாற்று வகுப்பில் திடீர் சோதனை. பைகள் எல்லாம் மேசை மேல். லோஷினியின் பையில் ஒன்றும் இல்லை, ஆனால் அவள் கை பாவாடைப் பையை விட்டு நகரவில்லை. டீச்சருக்கு அது போதாதா? கையை நீட்டினார். ஒரு பட்டன் போன் வந்தது. விளிம்பெல்லாம் தேய்ந்து, பின்மூடி ரப்பர் வளையத்தால் கட்டப்பட்டிருந்தது. டீச்சர் அதை அணைத்து உறையில் போட்டார்.

பத்து இருபதுக்கு இடைவேளை. மணி அடித்த கையோடு லோஷினி ஓடிவந்து அறை வாசலில் நின்றாள். உள்ளே இரண்டு மாணவத் தலைவர்கள் இருந்தார்கள்.

“டீச்சர், ஒரே ஒரு கால். அம்மாவுக்கு.”

அம்மா என்ற வார்த்தையை டீச்சர் அந்த வாசலில் எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்பார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அம்மா ஆஸ்பத்திரியில், அம்மா அழுவாங்க. அதில் பாதி அம்மாக்கள் மறுநாளே லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிப் போவார்கள்.

“அம்மாவ நேர்ல வரச் சொல்லு, பேசிக்கலாம்.”

“இல்ல டீச்சர், அம்மா சாப்பிடணும்.”

“ஒங்கம்மா சாப்பிடறதுக்கு நீ போன் பண்ணணுமா? அவங்க என்னா சின்னப் பிள்ளையா?”

மாணவத் தலைவர்கள் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து அலமாரிக்குள்ளிருந்து மணி அடித்தது. லோஷினி அலமாரியைப் பார்த்தாள். பார்த்த பார்வையை அன்று டீச்சர் கவனிக்கவில்லை, பிறகுதான் அது நினைவுக்கு வந்தது, வந்தது போகவே இல்லை. “அணைச்சும் அடிக்குது பாரு, போனும் ஒன்ன மாதிரியே சொன்ன பேச்சு கேக்காது போல,” என்றார். அதற்கும் சிரிப்பு. லோஷினி திரும்பிப் போய்விட்டாள்.

அவளுடைய அம்மா பவுனம்மாளுக்குச் சர்க்கரை நோய். கண்ணும் மங்கல். புருஷன் ஜோகூர் பக்கம் போய் வருடக்கணக்காகத் தகவல் இல்லை. காலையில் ஊசி போட்டுக்கொண்டு, சாப்பிட மறந்து, இரண்டு முறை மயங்கி விழுந்திருக்கிறார். கிளினிக் தாதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், ஊசி போட்டால் நேரத்துக்கு வயிற்றில் ஏதாவது விழ வேண்டும் என்று. அதனால் லோஷினி தினமும் பத்து இருபதுக்குக் கழிப்பறைக்குப் பின்னால் நின்று கூப்பிடுவாள். “ரொட்டி சாப்பிட்டாச்சாம்மா?” என்பாள். “சாப்பிடறேன் ஆயி,” என்று பதில் வரும். அன்று இரண்டு மணிக்கு அவள் வீடு போய்ச் சேர்ந்தபோது பவுனம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்திருந்தார்.

பவுனம்மாள் இறந்தது டீச்சருக்கு மறுநாள் ஆசிரியர் அறையில் பேச்சோடு பேச்சாகத் தெரியவந்தது. பாவம், சர்க்கரை இறங்கிப் போச்சாம், பக்கத்தில் யாரும் இல்லையாம் என்றார்கள். யாரும் கெர்ட்ரூட் டீச்சரைக் குறை சொல்லவில்லை. லோஷினி வாசலில் வந்து நின்றது யாருக்கும் தெரியாது. சிரித்த மாணவத் தலைவர்களுக்கு அது ஐந்து நிமிடத்தில் மறந்துபோயிருக்கும். அவளும் யாரிடமும் சொல்லவில்லை. திட்டினால்கூட ஆறுதலாக இருக்கும் என்று ஒரு மனுஷிக்குத் தோன்றுமா? டீச்சருக்குத் தோன்றியது.

மற்ற ஆசிரியர்களோடு சாவு வீட்டுக்குப் போனார். லோஷினி தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். “வந்ததுக்கு தேங்க்ஸ் டீச்சர்,” என்றாள். அவ்வளவுதான். அன்று பத்து இருபதுக்கு, வீடு திரும்பும் முன் பள்ளியில் கைப்பையை எடுக்கப் போனபோது, அலமாரி மறுபடியும் மணியடித்தது. சில பழைய பட்டன் போன்களில் அப்படி ஒரு வினோதம் உண்டு, அணைத்து வைத்தாலும் அலாரம் மட்டும் தன் நேரத்துக்கு விழித்துக்கொள்ளும். டீச்சர் உறையைப் பிரித்தார். சின்னத் திரையில் ‘அம்மா மாக்கான்’ என்று ஆங்கில எழுத்தில் ஓடியது. மாக்கான் என்றால் சாப்பாடு. டீச்சர் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

இரண்டு வாரத்தில் லோஷினியின் சின்னம்மா மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தார். பிள்ளைகள் இருவரையும் சுங்கை வே என்ற ஊருக்கு, தன் வீட்டுக்கு அழைத்துப் போவதாகச் சொன்னார். டீச்சர் அன்று வெளியே பயிற்சிக்குப் போயிருந்ததாக அலுவலகத்தில் நினைத்துக்கொண்டார்கள். அவர் அடுத்த அறையில்தான் இருந்தார். கையில் உறையோடு, கதவுக்குப் பின்னால், அந்த அம்மாள் போகும்வரை நின்றார். பத்தொன்பது வருடம் பிள்ளைகளை ஒளிந்திருந்து பிடித்தவர் ஒரு பிள்ளைக்குப் பயந்து ஒளிந்த கதை இது.

அதன் பிறகு அலாரத்தை நிறுத்தியிருக்கலாம். இரண்டு பொத்தான்தான். விரல் அதுவரை போகும், அழுத்தாது. மின்கலம் இறங்கி ஒருநாள் மணி அடிக்காமல் போனபோது, நிம்மதி வரும் என்று பார்த்தால் வந்தது பயம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய கடையில் அதற்கான சார்ஜரைத் தேடி வாங்கினார். விடுமுறையில் ஆளில்லாப் பள்ளியில் அது தனியாக அடித்துக்கொண்டிருப்பதை நினைத்தால் தாங்கவில்லை, அதனால் வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்குக் கொண்டு போனார். அவருடைய கணவர் அம்புரோஸ் தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர், பிறர் கடிதத்தைப் பிரிக்காத பழக்கம் வீட்டிலும் உண்டு. ஆனாலும் ஒரு சனிக்கிழமை கேட்டுவிட்டார்.

“என்னா மணி அது?”

“மாத்திர சாப்பிட.”

“ஒனக்குத்தான் ஒரு மாத்திரையும் இல்லியே.”

அம்புரோஸ் அதன் பிறகு கேட்கவில்லை. மணி அடிக்கும்போது செய்தித்தாளை மட்டும் மடித்து வைப்பார்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். செராஸில் அப்பாவின் கல்லறைக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டு போவார்கள். நடுவிலிருக்கும் பெரிய சிலுவையடியில், இங்கே கல்லறை இல்லாதவர்களுக்காக ஆளுக்கொரு திரி ஏற்றுவது வழக்கம். டீச்சர் அங்கே போய் ஒன்று ஏற்றுவார். பார்த்தே அறியாத, மாரியம்மனைக் கும்பிட்ட ஒரு பெண்ணுக்கு. “பவுனம்மாள்” என்று உதட்டுக்குள் சொல்வார். மூன்று வருடமும் காற்று அந்தத் திரியை மட்டும் தேடி வந்து அணைத்தது என்று அவர் நம்புகிறார். எல்லார் திரியும்தான் அணைந்தது. நம்புகிறவரிடம் அதைச் சொல்லிப் பயனில்லை.

ஒன்று மட்டும் மாறியிருந்தது. இப்போதெல்லாம் போனைப் பிடுங்கினால், “யாருக்குப் பேசின?” என்று கேட்பார். பதிலுக்குக் காத்திருப்பார். பிள்ளைகளுக்கு அதுவே ரோத்தான் பிரம்பைவிடப் பயமாக இருந்தது.

கூட்டத்தில் பை கூவிய அடுத்த வாரம், திங்கட்கிழமை, மாடிப்படிக்குக் கீழே போனும் கையுமாக ஒரு முதலாம் படிவப் பெண்ணை மாணவத் தலைவர்கள் பிடித்துக்கொண்டு வந்தார்கள். இடைவேளை நேரம். பெண்ணின் பெயர் ஹேமா. இந்த வருடம்தான் கிள்ளானுக்கு வந்தவள்.

“யாருக்குப் பேசின?”

“அக்காவுக்கு டீச்சர். அவங்கதான் டெய்லி கூப்பிடுவாங்க. சாப்பிட்டியான்னு கேப்பாங்க. எடுக்கலன்னா அழுவாங்க.”

“அம்மா அப்பா யாராச்சும் வருவாங்களா?”

“யாரும் இல்ல டீச்சர். சின்னம்மா வீட்டுலேருந்து வந்துட்டோம். அக்கா மட்டும்தான்.”

டீச்சருக்குப் புரிந்துவிட்டது. அப்படியும் அக்கா பெயரைக் கேட்டார். அக்கா வந்தால் போதும் என்று முதல் முறையாகச் சட்டத்தை வளைத்தார்.

மறுநாள் காலை பத்தேகாலுக்கு லோஷினி வந்தாள். தொழிற்சாலைச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை. பத்தொன்பது வயதுக்கு முகம் அதிகம் முற்றியிருந்தது. அன்று நின்ற அதே வாசலில், அதே கோட்டில் நின்றாள்.

“உள்ள வாமா. உக்காரு.”

“பரவால்ல டீச்சர். தங்கச்சி போன வாங்கிட்டுப் போறேன். லீவு சொல்லிட்டு வந்திருக்கேன்.”

மூன்று வருடமாகக் குளிக்கும்போதும் கோயிலில் முழந்தாள் போடும்போதும் டீச்சர் இந்த நாளுக்கான வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தார். ஹேமாவின் போனை எடுத்து மேசையில் வைத்தார். பதிவேட்டைத் திறந்தார். மூடினார். கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கக் கூடாது என்று நினைத்து மறுபடியும் பார்த்தார்.

“லோஷினி, அன்னிக்கு நீ வந்து நின்னப்போ…”

அலமாரிக்குள் மணி அடித்தது.

லோஷினி அலமாரியைப் பார்த்தாள். “அது இன்னும் இருக்கா?” என்றாள்.

டீச்சர் அலமாரியைத் திறந்து உறையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். போன் உறைக்குள் அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு தானாக ஓய்ந்தது. “சார்ஜ் போட்டு வச்சிருக்கேன். நிறுத்த மனசு வரல,” என்றார். அதற்கு மேல் அவர் அழுதார். மாணவர்கள் யாரும் பார்த்திராத அழுகை, அசிங்கமாக, மூக்கொழுக அழுதார். “ஒங்கம்மா சின்னப் பிள்ளையான்னு கேட்டேன். அந்தப் பசங்க சிரிச்சாங்க, நான் விட்டேன். இத ஒரு நிமிஷம் ஒன் கையில குடுத்திருந்தா அவங்க இருந்திருப்பாங்க. அத நான் யார்கிட்டயும் சொல்லல. எம்புருஷன்கிட்டகூட.”

லோஷினி உறையை மேசையில் வைத்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“நான் கூப்பிட்டேன் டீச்சர்.”

“என்னாது?”

“அன்னிக்கு. இங்கேருந்து போயி கேன்டீன் ஆன்டி போன வாங்கி கூப்பிட்டேன். மூணு வாட்டி. மணி போய்க்கிட்டே இருந்துச்சு, அம்மா எடுக்கல.” அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. “அதுக்கு ரெண்டு வாரம் முந்தி ஒரு ஸ்கேம் கால் வந்துச்சு. கோர்ட்டுலேருந்து பேசறோம், ஒங்க மேல கேஸ் இருக்குன்னு. அம்மா நடுங்கிப்போயி பேங்கு நம்பர் எல்லாம் சொல்லிட்டாங்க. இருந்ததும் போச்சு. எனக்குக் கோவம். கண்ணு வேற தெரியாது, நம்பர் எங்க பாக்கப் போறாங்கன்னு, அம்மா போன்ல என் நம்பருக்கு மட்டும் தனியா ஒரு பாட்டு வச்சேன். அந்தப் பாட்டு வந்தா மட்டும் எடுக்கணும், வேற மணி எது அடிச்சாலும் எடுக்கக் கூடாதுன்னு மாரியம்மா படத்துக்கு முன்னால நிக்க வச்சி சத்தியம் வாங்கினேன்.”

டீச்சர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

“வீட்டுக்குப் போனப்போ போன் அவங்க கையிலதான் இருந்துச்சு டீச்சர். மூணு மிஸ்டு கால். மணி அடிக்கிறப்ப கையில புடிச்சிக்கிட்டு, என் பாட்டு இல்லியேன்னு உக்காந்திருந்திருப்பாங்க. சத்தியத்தக் காப்பாத்திட்டாங்க.” கழுத்திலிருந்த அடையாள அட்டையைத் திருப்பினாள். “எடுக்கலன்னதும் நான் என்னா நெனச்சேன் தெரியுமா? காலைல நான் ஏசினதுக்குக் கோச்சிக்கிட்டு எடுக்கலன்னு நெனச்சேன். போயி மீ கோரேங் வாங்கி சாப்பிட்டேன். முழுசா சாப்பிட்டேன்.”

வெளியே பிள்ளைகள் இரைச்சலாகக் கேன்டீனுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். உன் தவறில்லை என்ற சொல் டீச்சரின் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அது தனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொள்வதாக இருக்கும் என்று விழுங்கிக்கொண்டார்.

“அந்தப் பாட்ட அடிக்க வைக்கிற ஒரே போன் என் அலமாரிக்குள்ள இருந்துச்சு,” என்றார்.

“ஆமா டீச்சர்,” என்றாள் லோஷினி.

அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. டீச்சருக்கு அது ஒரு விதத்தில் நிம்மதியாகவே இருந்தது. மூன்று வருடமாக ஆளுக்கொரு பக்கம் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிந்ததை இன்றுதான் இருவரும் ஒரே மேசையில் இறக்கி வைத்திருந்தார்கள். பாரம் குறையவில்லை, எதிரே இன்னொருத்தி இருந்தாள், அவ்வளவுதான்.

டீச்சர் பதிவேட்டைத் திறந்தார். ஹேமாவின் பெயருக்கு நேரே, காப்பாளர் என்ற இடத்தில் லோஷினி கையெழுத்துப் போட்டாள். பிறகு டீச்சர் பக்கங்களைப் பின்னால் புரட்டினார். மூன்று வருடம் பின்னால், லோஷினி என்று அவரே எழுதிய வரி. அதன் எதிரே கட்டம் காலியாக இருந்தது.

“இதுக்கு யாரு போடறது?” என்றாள் லோஷினி.

“நீதான்.”

தனக்குத் தானே காப்பாளராக அவள் கையெழுத்துப் போட்டாள். பேனா ஓரிடத்தில் தாளைக் கிழித்தது.

“ஹேமாகிட்ட போன் இருக்கட்டுமா டீச்சர்?” என்று கேட்டாள். “பாக்டரில எங்க போனையும் லாக்கர்லதான் வைக்கணும். பத்து இருபதுக்குத்தான் பிரேக். அந்த நேரத்துல அவ குரலக் கேக்கலன்னா எனக்கு கையி காலு ஓடாது.”

டீச்சர் யோசித்தார். கழிப்பறையில் படம் பிடிக்கப்பட்ட அந்தப் பிள்ளையையும் யோசித்தார். போன் வகுப்புக்குள் வரக் கூடாது என்பதில் அவருக்கு இன்றும் சந்தேகமில்லை. தடை அன்றைக்கும் தப்பில்லை. அணைத்தும் அடிக்கிற போன் யாருக்காக அடிக்கிறது என்று கேட்காததுதான் தப்பு. மேசை மேலிருந்த பள்ளித் தொலைபேசியை லோஷினி பக்கம் திருப்பி, அதில் ஒட்டியிருந்த எண்ணைக் காட்டினார்.

“போன் வேணாம். இந்த நம்பருக்குக் கூப்பிடு. பத்து இருபதுக்கு அவ இங்க இருப்பா. நானும் இருப்பேன்.”

லோஷினி அந்த எண்ணைத் தன் போனில் பதிந்தாள். டீச்சரும் அவளுடைய எண்ணை வாங்கித் தன் போனில் பெயர் போட்டு வைத்துக்கொண்டார். அன்று மதியமே முதல்வரிடம் போய், தடை இருக்கட்டும், ஆனால் இடைவேளையில் பிள்ளைகள் வீட்டுக்குப் பேச ஒரு போனும் அதன் பக்கத்தில் ஓர் ஆளும் இருக்க வேண்டும், அந்த ஆள் நான்தான் என்றார். எட்டு மாதத்தில் ஓய்வு பெறப் போகிற டீச்சரிடம் முதல்வர் வாதாடவில்லை.

மறுநாள் இடைவேளை மணி அடித்ததும் ஹேமா வந்தாள். கையில் ஒரு தேங்காய் பன். டீச்சர் அவளைத் தொலைபேசிக்கு எதிரே உட்கார வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தார். பத்து இருபது. அலமாரிக்குள் அந்த மணி அடித்தது. டீச்சர் தலையைத் திருப்பினார். அலமாரியில் அந்த உறை இல்லை, லோஷினி நேற்றே எடுத்துப் போய்விட்டாள். ஹேமா நிம்மதியாகப் பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மேசைத் தொலைபேசி அடிக்கவில்லை.

பத்து இருபத்திரண்டு. ரிசீவரைத் தூக்கி, இணைப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்தார். தூக்கிய அந்த விநாடியில் அழைப்பு வந்திருந்தால் என்று உடனே பயம் பிடித்தது. பத்து இருபத்து நான்கு. தன் கைப்பேசியில் லோஷினியின் பெயரை அழுத்தினார். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. லாக்கருக்குள் இருக்கும், லாக்கருக்குள்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். இப்படித்தானே அந்தப் பெண் கேன்டீனில் நின்றிருப்பாள். இப்படித்தானே ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்து வேறொரு பாட்டுக்காகக் காத்திருந்திருப்பாள்.

பத்து இருபத்தேழுக்குத் தொலைபேசி அடித்தது. முதல் மணி முடியும் முன் டீச்சர் எடுத்தார்.

“ஹலோ.”

பின்னணியில் இயந்திரங்களின் இரைச்சல். யாரோ மூச்சு விடும் சத்தம்.

“லோஷினி, நான்தாம்மா. டீச்சர்.”

“எடுத்துட்டீங்களா,” என்றாள் லோஷினி. குரல் உடைந்திருந்தது. “பாக்டரில எங்க லைன பிரேக்குக்கு லேட்டா விட்டாங்க. இனிமே யாரு எடுக்கப் போறான்னு நெனச்சேன்.”

“எடுத்துட்டேன்.”

“சாப்பிட்டாளா டீச்சர்?”

“சாப்பிடறாமா. எங்கண்ணு முன்னாலதான் உக்காந்திருக்கா.”

ஹேமா கையை நீட்டினாள். டீச்சர் ரிசீவரைக் கொடுக்காமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“நாளைக்கும் எடுப்பேன்,” என்றார்.